ரிப்போர்ட்டில் இல்லாத எண்: மக்னீசியமும் ரத்தக்குழாயும்

மாதாமாதம் கைக்கு வரும் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் இருக்கும். யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் இருக்கும். கால்சியமும் பாஸ்பரஸும் இருக்கும். பல டயாலிசிஸ் மையங்களில் அத்தோடு தாள் முடிந்துவிடும். மக்னீசியம் இருக்காது. கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள். கேட்பவர்களோ அநேகமாக இல்லை.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். மெஷினோடும் கேனோடும் பல வருடம் பழகியவன். மக்னீசியத்தைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் இரண்டு வகை. கால் பிடித்து இழுக்கிறது, மக்னீசியம் மாத்திரை வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. மக்னீசியம் ரத்தக்குழாய்க்கு நல்லதாமே, யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன் என்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள், முதலில் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

குழாய் ஏன் கல்லாகிறது

ஃபிஸ்டுலா போடப் போனவரின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "குழாய் கல்லு மாதிரி இருக்கே" என்று அறுவை மருத்துவர் முணுமுணுப்பதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். அவர் உவமைக்காகச் சொல்லவில்லை. கையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே தமனி தனியாக, வெள்ளைக் கோடாக, தண்டவாளம் போல இரட்டைக் கோடாகத் தெரியும். சாதாரணமாக எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியக் கூடாது. தெரிகிறது என்றால் அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது.

மாரடைப்பு என்றால் நம் மனதில் வருவது கொழுப்பு அடைப்பு. அது குழாயின் உள்வரியில் வருவது. சிறுநீரக நோயாளிக்கு அதுவும் வரும். அதற்கு மேல் இன்னொன்றும் வரும். குழாயின் நடு அடுக்கில், தசை இருக்கும் இடத்தில், கால்சியம் படிவது. 1903-இல் மொன்கபெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இதில் குழாய் அடைபடாது, விறைத்துப் போகும். ரப்பர் குழாய் பிவிசி பைப் ஆவது போல. இதயம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் விரிந்து கொடுக்க வேண்டிய சுவர் விரியாது. மேல் பிரஷர் 180, கீழ் பிரஷர் 70 என்று இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வருவதற்கு இது ஒரு காரணம். விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துப்போகும். அப்படிப்பட்டவருக்கு மெஷினில் தண்ணீர் எடுக்கும்போது பிரஷர் சட்டென்று இறங்குவதும் அதிகம்.

நீர்க்குழாயில் உப்புப் படிவது போலத் தானாகப் படிகிறது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அது பாதி உண்மை. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி நிற்கும்போது, குழாயின் தசைச் செல்கள் தம் வேலையை மறந்து எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. எலும்பு எப்படிக் கட்டப்படுமோ அப்படியே குழாய்ச் சுவரிலும் கட்டுமானம் நடக்கிறது. உடம்பு தடுக்காமல் இல்லை. கல்லீரல் செய்யும் ஃபெட்யூன்-ஏ என்ற புரதம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுற்றிப் பொதிந்து வைக்கிறது. அந்த உருண்டை மென்மையாக இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. நேரம் போகப் போக அது ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். அப்போதுதான் குழாயைக் கெடுக்கிறது.

மக்னீசியத்தின் வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. ஜாமூனுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள், கவனித்திருப்பீர்கள். விடாவிட்டால் ஆறியதும் பாகு பூத்துப்போகும். எலுமிச்சை சர்க்கரையைக் குறைப்பதில்லை, அது கல்கண்டாகக் கட்டுவதைத் தள்ளிப்போடுகிறது. வேதியியல் வேறு என்றாலும் மக்னீசியம் செய்வதும் அந்த மாதிரி வேலைதான். கால்சியம் உட்காரும் இடத்தில் தானும் போய் உட்கார்ந்துகொண்டு படிகத்தை ஒழுங்காகச் சேரவிடாது. தசைச் செல் எலும்புச் செல்லாக மாறுவதையும் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது கட்டிலில் படுத்திருக்கும் மனிதருக்கும் நடக்குமா?

1987-இல் கனடாவின் டொராண்டோவில், வயிற்று டயாலிசிஸ் செய்துவந்த 44 பேரின் எக்ஸ்ரேக்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். குழாய்ச் சுண்ணாம்பு வளர்ந்துகொண்டே போனவர்களின் மக்னீசியம், வளராதவர்களுடையதை விடக் குறைவாக இருந்தது. 2007-இல் ஜப்பானின் ஒசாகாவில், சர்க்கரை நோய் இல்லாத 390 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் கை எக்ஸ்ரேயைப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். எண்களின் வேறுபாடு மிகச் சிறியதுதான், ஆனால் இருந்தது. 2014-இல் ஜப்பானின் டயாலிசிஸ் பதிவேட்டிலிருந்து 1,42,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, மக்னீசியம் குறைந்தவர்களிடையே இறப்பு கூடுதல். மிக அதிகமாக இருந்தவர்களிடையேயும் கூடுதல். இயல்பு அளவின் மேல்விளிம்பை ஒட்டியும் சற்றே தாண்டியும் இருந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே கடைக்குப் போகாதீர்கள். சரியாகச் சாப்பிடாத, உடம்பு இளைத்த, ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு மக்னீசியமும் குறைந்திருக்கும். அவர் உடம்பு கெடுவதற்கு மக்னீசியம் காரணமா, இளைப்பு காரணமா என்று கணக்கு மட்டும் சொல்லிவிடாது. கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கொடுத்தும் பார்த்தார்கள். இன்னும் டயாலிசிஸுக்கு வராத சிறுநீரக நோயாளிகளுக்கு மக்னீசியம் ஆக்சைடு கொடுத்த ஜப்பானிய ஆய்வில் (2019) இதயக் குழாயின் சுண்ணாம்பு மெதுவாகத்தான் வளர்ந்தது. டென்மார்க்கிலும் நார்வேயிலும் 148 பேருக்கு ஓராண்டு மக்னீசியம் ஹைட்ராக்சைடு கொடுத்த ஆய்வில் (2023) ரத்தத்தில் மக்னீசியம் ஏறியது, சுண்ணாம்பு வளரும் வேகம் மட்டும் குறையவில்லை. ஒன்று ஆம் என்கிறது, மற்றொன்று இல்லை என்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளைப் பொறுத்தவரை, கேனில் மக்னீசியத்தை இரட்டிப்பாக்கி 28 நாள் ஓட்டிய 2018-ஆம் ஆண்டு ஆய்வில், நான் மேலே சொன்ன உருண்டைகள் ஊசியாக மாற எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டது. அது ரத்தத்தில் செய்த சோதனை. குழாய் மிருதுவானதா என்று அதில் பார்க்கவில்லை.

என் கருத்து இது. மக்னீசியம் குறைந்து கிடப்பது நல்லதில்லை என்று நம்ப நியாயம் இருக்கிறது. கூட்டினால் குழாய் பிழைக்கும் என்று சொல்ல இன்னும் நியாயம் போதவில்லை. ஆகவே அது குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நம் வேலை. எங்கே குறைகிறது என்று தேடினால் முதலில் போய் நிற்கும் இடம் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கேன்.

கேனில் ஒட்டியிருக்கும் சீட்டு

மெஷினுக்குக் கீழே அல்லது பின்னால் இரண்டு கேன்கள் இருக்கும். பார்ட் ஏ, பார்ட் பி. பார்ட் பி என்பது பைகார்பனேட். பார்ட் ஏ-வில்தான் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் இருக்கின்றன. இரண்டையும் மெஷின் ஆர்ஓ தண்ணீரோடு கலந்து, டயாலைசரில் உங்கள் ரத்தத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுகிறது. எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி. 4 மணி நேரத்துக்கு 240 நிமிடம். ஆக ஒரு டயாலிசிஸுக்கு 120 லிட்டர். ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் 120 லிட்டர், இந்தப் பக்கம் உங்கள் ரத்தம். நீங்கள் வாரம் முழுக்கச் சாப்பிடுவதைவிட இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது உங்கள் மக்னீசியத்தை அதிகமாகத் தீர்மானிக்கிறது.

(இரண்டு கேன்கள் எதற்கு, ஒரே கேனில் கலந்து வைக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பைகார்பனேட்டோடு சேர்த்து வைத்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளையாகப் படிந்துவிடும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான். கடைசி நேரத்தில் கலந்தும்கூட மெஷினுக்குள் கொஞ்சம் படியும். நாங்கள் சிட்ரிக் ஆசிட் விட்டு மெஷினைக் கழுவுவது அதற்காகத்தான்.)

பார்ட் ஏ கேனில் ஒட்டியிருக்கும் சீட்டில், கலந்த பிறகு ஒவ்வொரு உப்பும் எவ்வளவு இருக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். மக்னீசியம் என்ற வரியைத் தேடுங்கள். பொதுவாக 0.5 மில்லிமோல் என்று இருக்கும். சில கம்பெனிகள் இதையே 1.0 மில்லிஈக்குவலன்ட் என்று போடும். இரண்டும் ஒன்றுதான், மில்லிமோலை இரண்டால் பெருக்கினால் மில்லிஈக்குவலன்ட் வரும். 0.25, 0.375, 0.75 என்றும் கேன்கள் உண்டு.

இந்த எண்ணை உங்கள் ரத்தத்தோடு எப்படி ஒப்பிடுவது? 1 மில்லிமோல் என்பது நம் லேப் ரிப்போர்ட்டின் அலகில் ஏறத்தாழ 2.4 மி.கி. ஆக 0.5 கேன் என்றால் டெசிலிட்டருக்கு 1.2 மி.கி. உங்கள் ரத்தத்தில் 2.4 மி.கி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கிட்டத்தட்ட 30 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சவ்வைத் தாண்டாது. மீதி 70 சதவீதம், அதாவது சுமார் 1.7 மி.கி.தான் நடமாடக்கூடியது. இந்தப் பக்கம் 1.7, அந்தப் பக்கம் 1.2. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் போல மக்னீசியம் உங்களை விட்டுப் போகும். 0.75 கேன் என்றால் அந்தப் பக்கம் 1.8, போவதும் வருவதும் ஏறத்தாழச் சரியாகிவிடும். 0.25 என்றால் ஒவ்வொரு முறையும் நிறையவே போகும்.

நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு 0.5 கேனில் பெரும்பாலும் தொல்லை இல்லை. சாப்பாட்டில் வருவதும் கேனில் போவதும் ஈடாகிவிடும். பசியே எடுக்காத, ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் முதியவருக்கு அதே கேன் அப்படி இருக்காது.

"அப்படியானால் எனக்கு 0.75 கேன் போடுங்கள் அண்ணே" என்று டெக்னீஷியனிடம் கேட்காதீர்கள். எங்களால் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. பல மையங்களில் எல்லா மெஷினுக்கும் ஒரே கேன்தான் வாங்குவார்கள். அது நெஃப்ராலஜிஸ்ட் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டுவது. வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள் பையின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே பொதுவாக 0.25 முதல் 0.75 வரை இருக்கும்.

ஆர்ஓ தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் அமைப்பு பழுதாகி, கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடினநீர் நேராக நோயாளிக்குப் போனால் வாந்தி, தலைவலி, தளர்ச்சி, பிரஷர் ஏற்றம் எல்லாம் வரும். 1967-இலேயே இதற்குக் கடினநீர் நோய்க்குறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே ஷிஃப்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால், அது சாப்பாட்டுக் கோளாறு என்று யாராவது சொல்லிச் சமாளிக்க விடாதீர்கள்.

மாத்திரை டப்பா

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், டயாலிசிஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர், மலச்சிக்கலுக்கு மெடிக்கலில் சொல்லி பேதி உப்பு வாங்கிக் குடித்தார். சின்ன வயதில் அவர் பாட்டி கொடுத்ததாம். மறுநாள் தூக்கக் கலக்கமாக, பேச்சு குழறி, நாடித்துடிப்பு இறங்கி வந்து சேர்ந்தார். பேதி உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். சிறுநீரகம் வேலை செய்பவருக்கு அது சிறுநீரில் போய்விடும். நமக்குப் போக வழியில்லை. அவசர டயாலிசிஸ் போட்டுத்தான் சரியானது.

ஆகவே டப்பாவில் மக்னீசியத்தை ஏற்றும் பொருட்களை முதலில் தேடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் இளஞ்சிவப்பு, வெள்ளை ஆன்டாசிட் திரவங்களில் பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்திருக்கும். அலுமினியம் நமக்கு இன்னும் மோசம். மில்க் ஆஃப் மக்னீசியா என்ற பேதி மருந்தும் அதே இனம். தசைப்பிடிப்புக்கு என்று விற்கும் மக்னீசியம் மாத்திரைகள், நுரைத்துக் கரையும் சத்து மாத்திரைகள், சில மல்டிவிட்டமின்கள் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். மெஷினில் கால் பிடித்து இழுப்பது பெரும்பாலும் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீர் எடுப்பதால் வருவது. அதற்கு மருந்து, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது. கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைக் கழுவக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றிலும் மக்னீசியம் உண்டு. சீட்டு எழுதும்போதே "நான் டயாலிசிஸ் பேஷண்ட்" என்று சொல்லிவிடுங்கள். மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி மக்னீசியத்தை இறக்குவது. அதில் முக்கியமானது ஒன்று, அது ஏறக்குறைய எல்லார் டப்பாவிலும் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் என்று பெயர் எப்படியிருந்தாலும் குடும்பம் ஒன்று. நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் போட்டால் குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்து, ரத்தத்தில் அது விழலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. எப்போதோ ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். இது எனக்கு அலுத்துப்போன காட்சி. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காக்கவே அதைக் கொடுத்திருக்கலாம். "இது எனக்கு இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். அது போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 140 மி.கி. மக்னீசியம், தீட்டிய வெள்ளை அரிசியில் சுமார் 20 தான். கீரை, பருப்பு, கொட்டை வகைகளிலும் நிறைய. ஆனால் மக்னீசியம் இருக்கும் இடத்திலெல்லாம் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடவே உட்கார்ந்திருக்கின்றன. மக்னீசியத்துக்காகக் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் தினம் சாப்பிடத் தொடங்கினால் பொட்டாசியத்தில் மாட்டிக்கொள்வீர்கள். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதில் மக்னீசியமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். போகட்டும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும், வடிப்பதை விட முடியாது.

எண்ணைப் படிப்பது

ரத்தம் எடுப்பது டயாலிசிஸ் தொடங்கும் முன். முடிந்த பின் எடுத்தால் மெஷின் வாரிக்கொண்டு போன பிறகு மிச்சமிருப்பதைத்தான் பார்க்கிறீர்கள். ஊசி குத்தும்போது எடுக்கும் அதே ரத்தத்தில் மக்னீசியத்தையும் சேர்த்துக் கேட்கலாம், தனியாகக் குத்த வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். புதிதாக மாத்திரை மாறினாலோ, கேன் மாறினாலோ, இரண்டு வாரம் பேதியாகிக் கிடந்தாலோ இடையிலும் ஒரு முறை.

லேபைப் பொறுத்து சற்று மாறினாலும், இயல்பு என்பது ஏறத்தாழ 1.7 முதல் 2.4 மி.கி. வரை. டயாலிசிஸ் நோயாளிக்கு 2.6 என்று வந்து, பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி போட்டிருந்தால் கலங்க வேண்டாம். 1.8 என்று வந்து, அம்புக்குறி ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியும் பட வேண்டாம். மேலே சொன்ன ஜப்பானியக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். கூடவே ஆல்புமினையும் பாருங்கள். ஆல்புமின் குறைவாக இருந்தால் அதோடு ஒட்டியிருக்கும் மக்னீசியமும் குறைந்து, மொத்த எண் கொஞ்சம் தாழ்ந்து தெரியும். ரத்த அணுக்கள் உடைந்த மாதிரி என்று லேப் குறிப்பு எழுதியிருந்தால் எண் பொய்யாக ஏறியிருக்கும். திரும்ப எடுங்கள்.

4.8-ஐத் தாண்டினால் அது வேறு விஷயம். குமட்டல், முகம் சிவந்து சூடாவது, சோம்பல், தூக்கக் கலக்கம், பிரஷரும் நாடித்துடிப்பும் இறங்குவது. இவை தெரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும்போது கடைசியாகக் குடித்த மருந்தின் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், குழாயைக் கல்லாக்கும் முதல் குற்றவாளி பாஸ்பரஸ்தான். மக்னீசியத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடாமல் இரவு படுக்கும் முன் மொத்தமாக விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வயிற்றில் சோற்றோடு கலந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்கும். வெறும் வயிற்றில் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. வெறும் கால்சியம் மாத்திரையை எலும்புக்கு நல்லது என்று தானாகக் கூட்டிக்கொள்வதும் குழாய்க்குத்தான் போய்ச் சேரும். வார்ஃபரின் போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்புப் படிவு கூடலாம். அதை நிறுத்துவதா, மாற்றுவதா என்பது இதய மருத்துவரும் நெஃப்ராலஜிஸ்ட்டும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

உங்கள் குழாயில் ஏற்கெனவே எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரிய, எடுத்த எடுப்பில் செலவு மிகுந்த சிடி ஸ்கேன் வேண்டும் என்பதில்லை. வயிற்றைப் பக்கவாட்டில் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் பெருந்தமனியின் சுண்ணாம்பு தெரியும். எக்கோவில் இதய வால்வின் சுண்ணாம்பு தெரியும். எக்கோ நீங்கள் எப்படியும் எடுத்திருப்பீர்கள். ரிப்போர்ட்டில் கால்சிஃபிகேஷன் என்ற சொல் இருக்கிறதா என்று இன்று பார்த்துவிடுங்கள்.

கல்யாணம், கோயில், திருவிழா என்று வெளியூர் போனால் அங்கே வேறு மையத்தில் டயாலிசிஸ் போடுவீர்கள். போகும் முன் உங்கள் மையத்து பார்ட் ஏ கேனின் சீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் அவர்களுடைய கேனையும் எடுங்கள். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் மூன்று வரிகளும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். ஒன்றாக இல்லாவிட்டால், ஊசி போடும் முன் சிஸ்டரிடம் சொல்லி அங்கிருக்கும் டாக்டருக்கு இரண்டு படங்களையும் காட்டுங்கள்.